ஆத்தங்குடி கல்பட்டறைச் செயலியை பைதான் 3-க்குக் கொண்டுவந்த விவரம்

காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடி போகும் பக்கத்தில் ஒரு கல்பட்டறை, அதாவது தரையில் பதிக்கும் ஆத்தங்குடி டைல்ஸ் செய்யும் இடம். அங்கே ஆர்டர் எழுத, கல் எண்ணிக்கை போட, சீட்டு அடிக்க எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு டெஸ்க்டாப் செயலிதான். பைதான் 2 நிரல்மொழி, சாளரங்களுக்கு பைஜிடிகே நூலகம், கட்டற்ற மென்பொருள், ஜிபிஎல் உரிமம். எழுதியவர் அப்போது கல்லூரி மாணவர், இப்போது வெளிநாட்டில் வேலை. நிரலை கூகுள் கோட் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் வைத்திருந்தார். கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டபோது அவர் அதை வேறெங்கும் எடுத்துப்போகவில்லை, காப்பகத்தில் மூல நிரல் மட்டும் கிடந்தது. கேட்டதும் "தாராளமா எடுத்துக்கோங்க, இன்னும் ஓடுதா அது?" என்று பதில் வந்தது. செயலிக்கு முறையான பெயர் ஒன்று உண்டு, ஆனால் பட்டறையில் யாருக்கும் அது தெரியாது. ஐகான் பச்சை நிறம் என்பதால் 'பச்சைப் பெட்டி', அவ்வளவுதான்.

ஒரு கல்பட்டறைக்குச் செயலி எதற்கு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் தொழில் விவரம். ஆத்தங்குடி கல் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியைப் பிரித்தால் அந்தப் பளபளப்பு தானாக வரும். நிறத்தையும் கையால்தான் கலக்கிறார்கள், அதனால் இந்த மாதம் ஊற்றின சிவப்பும் அடுத்த மாதம் ஊற்றுகிற சிவப்பும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கூடத்துக்குப் பதினைந்து கல் குறைந்துபோனால், பிறகு ஊற்றிக் கொடுக்கிற பதினைந்தும் தனியாகத் தெரியும். எனவே எண்ணிக்கை முதலிலேயே சரியாக வர வேண்டும்: நடுக்கல் எத்தனை, பார்டர் எத்தனை, மூலைக்கல் எத்தனை. பச்சைப் பெட்டி செய்த வேலை அதுதான். அறையின் நீள அகலத்தைக் கொடுத்தால் எண்ணிக்கை சொல்லும், தரை எப்படி இருக்கும் என்று ஒரு சின்னப் படமும் காட்டும்.

இது ஓடிய கணினி விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது என்பதெல்லாம் பட்டறைக்கு ஒரு கவலையே இல்லை. இணையத்தில் இணைக்காத கணினி, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வட்டு சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான் புதுக் கணினி வாங்கினார்கள், அதில் பச்சைப் பெட்டியை நிறுவ முடியவில்லை. பைஜிடிகேயின் கடைசி வெளியீடு 2011. பைதான் 2-க்கு 2020 ஜனவரி 1 அன்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். லினக்ஸ் வகையான டெபியன் 12-இல் பைதான் 2 என்ற பொதியே கிடையாது.

வழிகள் பல இருந்தன. பழைய எக்ஸ்பியை அப்படியே ஒரு மெய்நிகர் கணினியாகப் புதுக் கணினிக்குள் வைத்துவிடலாம். ஒரு வாரத்துக்கு நல்ல யோசனை, பத்து வருஷத்துக்கு இல்லை. வலைச் செயலியாக மாற்று என்று நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் பட்டறையில் இணையம் வரும், போகும், மின்சாரமும் அப்படியே, வாசலில் வாடிக்கையாளர் நிற்கும்போது சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டத்தைக் காட்டிக்கொண்டு உட்கார முடியாது. முழுக்கப் புதிதாக எழுதலாம். இதற்குத்தான் எனக்குக் கை அரித்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய நிரலை ஒருமுறை முழுக்கப் படித்தபோது, அதிலிருந்த பாதி 'அசிங்கங்கள்' ஏதோ ஒரு நாள் யாரோ சொன்ன குறைக்குப் போட்ட ஒட்டுகள் என்று தெரிந்தது. அந்தக் குறைகள் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை, அந்த ஒட்டுகளில் மட்டும்தான் இருந்தன. எனவே துண்டு துண்டாக மாற்றுவது, ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் செயலி ஓட வேண்டும் என்று முடிவு.

முதலில் செய்தது நிரலைத் தொடாமல் செய்த வேலை. பழைய சூழலை ஒரு மெய்நிகர் கணினியில் நிறுத்தி, பட்டறையில் இருந்த கார்பன் பிரதிகளிலிருந்து விதவிதமான ஆர்டர்களை எடுத்து உள்ளிட்டு, என்ன விடை வருகிறது என்று சேமித்துக்கொண்டோம். சதுர அறை, எல் வடிவத் திண்ணை, பார்டர் இல்லாத சமையலறை, நடுவில் தூண் நிற்கிற வளவு என்று எல்லாம் அதில் உண்டு. புதுச் செயலி இதே விடைகளைத் தர வேண்டும். இந்தச் சோதனைத் தொகுப்பு இல்லாவிட்டால் அடுத்து வந்த விஷயம் சத்தமில்லாமல் வாடிக்கையாளர் வீட்டுத் தரைக்கே போயிருக்கும்.

பைதான் 2-இல் இரண்டு முழு எண்களை வகுத்தால் முழு எண்தான் வரும், மிச்சம் போய்விடும். பைதான் 3-இல் தசமத்தோடு வரும். மாற்றித் தரும் 'டூ டு த்ரீ' கருவி இதைத் தொடாது, ஏனென்றால் வகுபடுவது முழு எண்ணா இல்லையா என்று அதற்குத் தெரியாது. பன்னிரண்டு அடி நான்கு அங்குலத்துக்குப் பத்து அடி ஆறு அங்குலம் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 148-க்கு 126 அங்குலம். கல் 10 அங்குலம். பழைய நிரல் 148-ஐ 10-ஆல் வகுத்து 14, கூட ஒன்று 15. அந்தப் பக்கம் 12, கூட ஒன்று 13. மொத்தம் 195 கல். அதே வரி பைதான் 3-இல் 15.8, 13.6 என்று போய்ப் பெருக்கி மேல்நோக்கி முழுதாக்கினால் 215. இருபது கல் கூடுதல். பிழைச் செய்தி எதுவும் வராது, சீட்டு அழகாக அச்சாகும்.

சரி, வகுத்தலை முழு எண் வகுத்தலாக மாற்றிவிட்டால் முடிந்தது என்று பார்த்தால், அந்த 'கூட ஒன்று' கண்ணில் பட்டது. சரியாக 120 அங்குலம் இருக்கும் அறைக்கு 12 கல் போதும், நிரல் 13 சொல்கிறது. பிழைதானே, திருத்திவிடலாமா என்று பட்டறை உரிமையாளர் ஐயாவிடம் கேட்டேன். "அது சேதாரம்ல" என்றார். ஏற்றி இறக்குகையில் உடைவது, மூலையில் வெட்டும்போது போவது, இவற்றுக்கு அந்தக் கூடுதல் வரிசைதான் இத்தனை வருஷமாகக் கைகொடுத்திருக்கிறது. எழுதியவரிடம் கேட்டால் அவருக்கு அப்படி ஒரு எண்ணமே இருந்ததில்லை, மிச்சம் இருந்தால் ஒரு கல் கூட்ட வேண்டுமே என்று போட்ட ஒன்று, மிச்சம் இல்லாதபோதும் கூட்டிவிட்டது. அதைத் திருத்தியிருந்தால் சரியான நிரலும் உடைந்த கல்லுக்கு மாற்று இல்லாத தரையும் கிடைத்திருக்கும். இப்போது நிரல் சரியாகக் கணக்குப் போடுகிறது, சேதாரம் என்று தனி இடம் இருக்கிறது, அதில் 'ஒரு வரிசை' என்பது முன்னிருப்பு. மிச்சம் வராத அறைகளில் பழைய எண்ணிக்கையே வரும், மிச்சம் வரும் அறைகளில் ஒரு வரிசை கூடும். அங்கே வேண்டுமா வேண்டாமா என்பதை ஐயா ஆர்டரைப் பார்த்து முடிவு செய்துகொள்கிறார்.

ரூபாய் முழுதாக்குவதிலும் இதே மாதிரி ஒரு சின்னக் கள்ளம். பைதான் 2-இல் 1462.50 என்பது 1463 ஆகும், பைதான் 3-இல் 1462 ஆகும், ஏனென்றால் சரிபாதியாக இருந்தால் அது பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். ஒரு ரூபாய்தான், ஆனால் நகரத்தார் வீட்டுக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் அந்தச் சீட்டு திரும்பி வரும். தசம எண்களுக்கான தனி வகைக்கு மாற்றினோம். மற்ற பைதான் வேலைகள், வெற்று மதிப்பையும் எண்ணையும் ஒப்பிட்டால் இப்போது பிழை என்பது மாதிரியானவை, சலிப்பானவை, சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பைஜிடிகேயின் அடியில் இருக்கும் சாளர நூலகம் ஜிடிகே. அதில் 2-இலிருந்து நேராக 4-க்குப் போகலாமா என்று யோசித்தோம். 3-இல் நிறுத்திக்கொண்டோம். ஜிடிகே 4 வந்தது 2020 டிசம்பரில், அதில் பழைய மெனுப்பட்டை கிடையாது, உரையாடல் பெட்டியைத் திறந்து பதிலுக்குக் காத்திருக்கும் பழைய முறையும் கிடையாது, இந்தச் செயலி முழுக்க அந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. பட்டியல்களுக்கு நாங்கள் நம்பியிருக்கும் மரக்காட்சி விட்ஜெட்டையும் 4.10-இல் கைவிடப்பட்டது என்று குறித்துவிட்டார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜிடிகே பிறந்ததே படம் திருத்தும் கிம்ப் செயலிக்காக, ஜிடிகே 3 வந்தது 2011-இல், அந்தக் கிம்ப்பே 3.0 என்று ஜிடிகே 3-க்கு வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில்தான். பச்சைப் பெட்டிக்கு என்ன அவசரம்?

சாளர அமைப்பை விவரிக்கும் கிளேட் கோப்புகளை மாற்ற ஒரு கருவி உண்டு, பெரும்பாலும் வேலை செய்தது. கையால் எழுத வேண்டியிருந்தது தரைப் படம் வரையும் பகுதி மட்டும். பழையது திரையில் நேரடியாகக் கோடு போடும் முறை, அது ஜிடிகே 3-இல் இல்லை, எல்லாம் கைரோ என்ற வரைகலை நூலகம் வழியாகத்தான். ஒரே கல்லின் படத்தை நான்கு பக்கமும் திருப்பி வைத்தால் நடுவில் ஒரு பூ விரியும் அல்லவா, அதைப் பழைய நிரல் நான்கு தனிப் படங்களாக வைத்திருந்தது. கைரோவில் ஒரு படம், சுழற்சி, போதும். கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. முழு எண் புள்ளியில் போடும் கோடு இரண்டு பிக்சலில் பாதிப் பாதியாக விழுகிறது, அரைப் புள்ளி நகர்த்தினால் கூர்மையாகிவிடும். அதே நிரல் பிடிஎஃப்பாகவும் எழுதும் என்பதால் தரைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வசதி கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்தது, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர் கொடுப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த ஊர்ச் செயலிக்கும் வரக்கூடியது. எங்கள் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றது தமிழ்.

பச்சைப் பெட்டி தமிழைப் பாமினி எழுத்துருவில் வைத்திருந்தது. பாமினி தெரியாத இளசுகளுக்கு: அது குறியாக்கமே இல்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி. கோப்புக்குள் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். எழுத்துருவை எடுத்துவிட்டால் அர்த்தமில்லாத ஆங்கிலம். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியாக்கத்துக்கு மாற்ற இணையத்தில் மாற்றிகள் நிறைய உண்டு, ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டால் ஆச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் அடிக்க வேண்டும். முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு மெய். யூனிகோடில் மெய் முன்னால், கொம்பு பின்னால். எனவே 'கொ'வைப் பிடிக்கும்போது கொம்பு, க, கால் மூன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், நீளமானதை முதலில் தேட வேண்டும். இதுவரை எல்லா மாற்றிகளும் சரியாகச் செய்யும். சிக்கல் ஔகாரத்தில். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்குத் தனி எழுத்து கிடையாது, ளகரமே அந்த வேலையையும் செய்கிறது. அப்படியானால் கொம்பு, வ, ள என்று மூன்று எழுத்து வந்தால் அது 'வௌ'வா, 'வெள'வா? சாதாரண மாற்றி யோசிக்காமல் 'வௌ' என்று போட்டுவிட்டு அடுத்து வரும் புள்ளியை அந்தரத்தில் விட்டுவிடும். கல்பட்டறைக் கணக்கில் அதிகம் வரும் நிறம் எது? வெள்ளை. முதல் ஓட்டத்தில் இருந்த வெள்ளை அத்தனையும் நாசம். வெளிர்பச்சையும் கூடவே. விதி எளிதுதான்: ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம், வராவிட்டால்தான் ஔகாரம் என்று எடுக்கலாம். 'கௌரி' தப்பித்தார், 'வெள்ளை'யும் தப்பியது. விதிக்கும் பிடிபடாத சில ஊர்ப் பெயர்களைக் கையால் பார்த்தோம்.

அதைவிடக் கொடுமை 'குறிப்பு' என்ற பத்தி. மற்ற இடங்களில் தமிழா ஆங்கிலமா என்பது நிரலிலேயே உறுதி, பெயர் தமிழ், தொலைபேசி எண் ஆங்கிலம். குறிப்பில் மட்டும் எஃப் 9 அழுத்தினால் எழுத்துரு மாறும், ஆனால் எந்த எழுத்துருவில் அடித்தது என்பதைக் கோப்பில் எழுதவே இல்லை. வருஷக்கணக்கில் இரண்டும் கலந்து கிடந்தன. ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று அடித்ததைப் பாமினி என்று நினைத்து மாற்றினால் 'உயளா' என்று வரும். இலக்கணப்படி அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, தமிழ்ச் சொல் மாதிரியே இருக்கிறது. 'லாரி' 'டழசசல' ஆகும். விழுக்காட்டுக் குறி இருக்கும் இடத்தில் பாமினியில் 'மூ' எழுத்து, எனவே ஐந்து விழுக்காடு தள்ளுபடி '5மூ' ஆகும். சமக்குறி ஸ்ரீ ஆகிவிடும், '12=480' என்ற கணக்கு '12ஸ்ரீ480' என்று பக்திமயமாக நிற்கும்.

டகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்ற இலக்கண விதியை வைத்து ஆங்கிலத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. டைல்ஸ், டெம்போ, டிரைவர் என்று பட்டறையின் பாதிச் சொற்கள் டகரத்தில்தான் தொடங்குகின்றன, விதியைத் தூக்கிப்போட்டோம். சொல்லின் நடுவில் அ, இ, எ போன்ற உயிரெழுத்து முழுதாக வந்தால் அது ஆங்கிலம் என்ற விதி நன்றாக வேலை செய்தது. மிச்சத்துக்கு நிரல் எழுதுவதை நிறுத்திவிட்டு, சொற்களை எத்தனை முறை வருகின்றன என்ற வரிசையில் அடுக்கி, இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கணக்கு எழுதும் அக்காவிடம் கொடுத்தோம். அதிகம் வரும் சில நூறு சொற்களைத் தட்டிக்கொடுத்ததிலேயே பெரும்பாலான குறிப்புகள் தீர்ந்துவிட்டன. அசல் வடிவத்தையும் ஒரு தனிப் பத்தியில் அப்படியே வைத்திருக்கிறோம், அழிக்கவில்லை. சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

மாற்றிய பிறகு பெயர்ப் பட்டியல் வரிசை மாறிப்போனது. யூனிகோட் எண் வரிசை அகராதி வரிசை இல்லை. னகரம் நகரத்துக்குப் பக்கத்திலும், றகரம் ரகரத்துக்குப் பக்கத்திலும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னாலும் உட்கார்ந்திருக்கின்றன. சொற்களைத் தமிழ் அகராதி வரிசையில் அடுக்கித் தரும் தனி நூலகம் போட்டோம். அப்புறம் 'கொ' ஒரே எழுத்தாகவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம், திரையில் இரண்டும் ஒன்றுதான், தேடினால் மட்டும் ஒன்று கிடைக்காது. சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

தரவு யூனிகோடுக்கு வந்தது, ஆள் வரவில்லை. அக்கா பாமினி விசை வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். தமிழ் 99 விசை வரிசை எளிது, கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "எழுத்து எப்படி மாறினாலும் பரவால்ல தம்பி, என் கை மாறாது" என்றார். நியாயம்தான், அவர் வேகத்துக்கு வாசலில் நிற்பவர் பொறுப்பார், கற்றுக்கொள்கிற வேகத்துக்குப் பொறுக்க மாட்டார். லினக்ஸில் நாங்கள் பயன்படுத்திய உள்ளீட்டுத் தொகுப்பில் பாமினி இல்லை, எனவே செயலிக்குள்ளேயே ஒரு விசை வடிகட்டி எழுதினோம். கொம்பை அழுத்தினால் அது அடிக்கோட்டோடு காத்திருக்கும், மெய் வந்ததும் இடம் மாறி யூனிகோடாக உட்காரும். கொம்புக்குப் பிறகு பின்னழி அழுத்தினால் என்ன ஆக வேண்டும், இடைவெளி அழுத்தினால் என்ன ஆக வேண்டும் என்பதெல்லாம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது. என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்திலேயே பயன்மிக்க வரிகள் இவைதான். எஃப் 2 புது ஆர்டர், எஃப் 5 அச்சு என்ற பழைய விசைகளையும் தொடவில்லை.

கோப்பு விஷயம் சுருக்கமாக. பழையது எல்லாவற்றையும் பைதானின் பிக்கிள் வடிவில் ஒரே கோப்பாக ஒவ்வொரு முறையும் முழுக்கத் திரும்ப எழுதியது. எழுதும்போது மின்சாரம் போனால் கோப்பு காலி. இதனால்தான் மத்தியானமும் சாயங்காலமும் பென்டிரைவில் நகல் எடுக்கும் பழக்கம் அங்கே வந்திருக்கிறது. இப்போது எஸ்க்யூலைட் தரவுத்தளம். பாதியில் மின்சாரம் போனால் கடைசி ஆர்டர் போகலாம், மற்றது போகாது. 2050 வரை இந்தக் கோப்பு வடிவத்தை ஆதரிப்போம் என்று அதை எழுதுகிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பென்டிரைவ் பழக்கத்தை விடச் சொல்லவில்லை, நல்ல பழக்கம்.

அச்சில் ஒரு இழுபறி. சீட்டு அச்சாவது ஒன்பது ஊசி டாட் மேட்ரிக்ஸில், கார்பன் பிரதி வேண்டும் என்பதால் அதை மாற்ற முடியாது. பாமினியைவிட யூனிகோட் எழுத்துருக்கள் அகலம், 'வெளிர்பச்சை' பத்தியைத் தாண்டி விலைக்குள் போய்விட்டது. லதா எழுத்துரு பழக்கமானது, ஆனால் மைக்ரோசாஃப்ட் உடையது, செயலியோடு சேர்த்துக் கொடுக்க முடியாது. திறந்த உரிமத்தில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக அச்சடித்துப் பார்த்ததில், மெல்லிய கோடுள்ளவை எல்லாம் ஊசியில் உடைந்து புள்ளிபோட்ட மாதிரி வந்தன. மீரா இனிமை தாங்கியது. பத்திகளின் அகலத்தை நிரலில் எழுதிவைக்காமல் எழுத்துருவைப் பாங்கோ என்ற எழுத்து அமைப்பு நூலகத்திடம் அளக்கச் சொல்லி அமைக்கிறோம்.

ஒரு மாதச் சீட்டுகள் இரண்டு செயலியிலும் அடிக்கப்பட்டு ஒப்பிடப்பட்ட பிறகுதான் எக்ஸ்பி கணினி மூலைக்குப் போனது. தோற்றத்தில் என்ன மாற்றம் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு அதிகமில்லை, எழுத்து பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவு. ஐகானை மாற்றலாமா என்று கேட்டதற்கு ஐயா முறைத்தார்.

இன்னும் முடியாதவை உண்டு. விண்டோஸுக்கான நிறுவி பெரிய கோப்பாக இருக்கிறது, ஜிடிகே முழுவதையும் உள்ளே வைத்துக் கட்ட வேண்டியிருப்பதால். எல் வடிவ அறையில் பார்டர் உள்மூலையில் திரும்பும் இடத்தில் பழைய நிரல் ஒரு மூலைக்கல்லைக் குறைத்துச் சொல்கிறது, மேஸ்திரிகள் அதைக் கையால் கூட்டிக்கொள்கிறார்கள். இது சேதாரம் மாதிரி காரணமுள்ள பிழையா, வெறும் பிழையா என்று எழுதியவரிடம் கேட்டிருக்கிறேன். பக்கத்துப் பட்டறை ஒன்று 8 அங்குலக் கல்லையும் 10 அங்குலக் கல்லையும் ஒரே தரையில் கலந்து போட வசதி கேட்கிறது. கல் அளவு இப்போது ஆர்டருக்கு ஒன்று என்று இருக்கிறது, அதை அறையின் பகுதிக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டும், தரவு அட்டவணையில் கை வைக்காமல் அது நடக்காது. அந்த வேலை இப்போது தனிக் கிளையில் போய்க்கொண்டிருக்கிறது.